பிரேக்கிங் பேட் 3ஆம் சீசனில் அந்த ஈ எபிசோடு எதற்கு?

கடைசிபெஞ்ச்:
கெமிஸ்ட்ரி வாத்தியார் வால்ட்டும் அவருடைய பழைய மாணவன் ஜெஸ்ஸியும் மெத் என்கிற போதைப்பொருள் தயாரிக்கிற அமெரிக்க சீரியல் பிரேக்கிங் பேட், இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன், அதனால் இனி வரப்போவதை யாரும் போட்டு உடைத்துவிடாதீர்கள். மூன்றாம் சீசன் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, வால்ட்டின் சகலையான போலீஸ்காரர் ஹாங்க்கைக் கொல்ல அந்த இரட்டையர் வந்ததெல்லாம் பார்த்து இன்னும் படபடப்பே அடங்கவில்லை, அதற்குள் பத்தாவது எபிசோடு. முக்கால் மணி நேரம் லேபுக்குள் வால்ட்டும் ஜெஸ்ஸியும் ஒரு ஈயைத் துரத்துகிறார்கள். அவ்வளவுதான்! வால்ட் ஷூவைக் கழற்றி எறிகிறார், மேலே விளக்கு உடைகிறது, அப்புறம் மாடிப்படி உயரத்திலிருந்து தடாலென்று விழுகிறார், ஈ மட்டும் சுகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்படி இன்னும் எபிசோடுகள் வருமா? வந்தால் ஓட்டிவிட்டுப் போகலாமா?

அரைத்தூக்கம்:
காசு கையைக் கடித்ததால் எடுத்தது சார் அது. இருக்கிற செட்டையும் இரண்டு நடிகர்களையும் வைத்தே ஒரு எபிசோட்டை ஒப்பேற்றுவார்கள், பாட்டில் எபிசோடு என்பார்கள். சீரியலை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே பட்ஜெட்தான் காரணம் என்று சொல்லியிருக்கிறார். ரசிகர்கள் மதிப்பெண் போடுகிற ஐஎம்டிபி தளத்தில் மொத்தம் 62 எபிசோடுகளில் இதற்குத்தான் குறைந்த மதிப்பெண். 2010இல் ஒரு வாரம் முழுக்கக் காத்திருந்து டிவி முன்னால் உட்கார்ந்தவனுக்கு ஈயைக் காட்டினால் அவன் திட்டாமல் என்ன செய்வான்?

மழைக்காலம்:
ஓட்டாதீர்கள். பட்ஜெட் காரணம் சரி, ஆனால் அந்த நெருக்கடியில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜெஸ்ஸி காபியில் தூக்க மாத்திரையைப் போட்டுவிடுகிறான். வால்ட்டுக்குக் கண் செருகுகிறது. அந்த நிலையில்தான் "நான் செத்திருக்க வேண்டிய சரியான நேரம் ஒன்று இருந்தது, தாண்டிவிட்டேன்" என்கிற மாதிரி பேச ஆரம்பிக்கிறார், ஜெஸ்ஸியின் காதலி ஜேன் செத்த அந்த ராத்திரிக்கே வந்துவிடுகிறார். ஜேனின் அப்பாவை பாரில் சந்தித்ததையும் சொல்கிறார். பிறகு ஜெஸ்ஸி ஏணியில் ஏற, கீழே அதைப் பிடித்துக்கொண்டு ஜேனுக்காக வருந்துகிறேன் என்கிறார். அவள் சாகும்போது பக்கத்தில் இருந்தும் காப்பாற்றவில்லை என்கிற ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி. அவர் வாயைத் திறந்துவிடுவாரோ என்று எனக்குக் கை வேர்த்துவிட்டது, சேஸிங், துப்பாக்கிச் சண்டை எதுவுமே இல்லாமல்!

ஜெஸ்ஸி சொல்கிற ஒப்போசம் (பூனை அளவிலான ஒரு காட்டு விலங்கு) கதையும் சும்மா இல்லை. அவன் சித்தி வீட்டுக்கு அடியில் அது புகுந்துகொண்டது, பிடித்துக்கொண்டு போன பிறகும் அவருக்குச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பார்த்தால், சித்திக்குப் புற்றுநோய் மூளைக்குப் பரவியிருக்கிறது. வால்ட்டுக்கும் புற்றுநோய்தானே, ஈ, ஈ என்று அலைகிற அவரைப் பார்த்து ஜெஸ்ஸி எதற்குப் பயப்படுகிறான் என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்று. இதை இயக்கிய ரியன் ஜான்சன்தான் 5ஆம் சீசனில் ஓசிமாண்டியாஸ் எபிசோட்டையும் இயக்கினார். ஈயை எழுதிய இருவரில் ஒருவரான மோய்ரா வாலி-பெக்கெட் எழுதியதுதான் அதுவும், எம்மி வாங்கியது. அதில் என்ன நடக்கிறது என்றால்...

அரைத்தூக்கம்:
ஐயா நிறுத்துங்கள்! அவர் இன்னும் 3ஆம் சீசனில் இருக்கிறார்.

மழைக்காலம்:
சரி சரி, வாயை மூடிக்கொண்டேன்.

சும்மாவந்தேன்:
நான் நடுவில் நிற்கிறேன். தயாரித்த மெத்தின் எடை குறைகிறதே என்று வால்ட் கணக்குப் போட்டுப் போட்டுக் குழம்புவதும், திருடி எடுத்தவன் ஜெஸ்ஸி என்று நமக்கு மட்டும் தெரிந்திருப்பதும் அருமை. ஆனால் முதல் இருபது நிமிடத்தைப் பாதியாக வெட்டியிருக்கலாம். சோப்ரானோஸ் என்கிற மாஃபியா சீரியலில் பனிக்காட்டில் இரண்டு பேர் மாட்டிக்கொள்கிற பைன் பேரன்ஸ் எபிசோடும் கிட்டத்தட்ட இதே ரகம், அதில் வேனுக்குள் கெட்சப் பாக்கெட்டை உறிஞ்சிக்கொண்டே அடித்துக்கொள்வார்கள், எனக்கு ஒரு நொடிகூட அலுக்கவில்லை.

கடைசிபெஞ்ச்:
ஒப்போசம் பேசுகிற இடத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்தேன், அதை மட்டும் திரும்பப் போய்ப் பார்த்தேன், ஏணிக் காட்சியையும். ஏணி பிரமாதம். ஷூ எறிகிற கூத்து இப்போதும் இழுவைதான், அதில் மாற்றமில்லை. பதினொன்றாவது இப்படி இருக்காதே?

மழைக்காலம்:
இருக்காது. ஆனால் 12ஐ ராத்திரி தாமதமாக ஆரம்பிக்காதீர்கள், முடித்த கையோடு 13ஐப் போடாமல் தூங்க முடியாது.