குடும்பக் குழு: சனிக்கிழமை புட்-இன்-பே

கார்த்தி: சனிக்கிழமை ஒஹாயோவின் ஈரி ஏரித் தீவில் இருக்கும் புட்-இன்-பே ஊருக்குப் போகிறோம். கரையில் கட்டாபா துறையில் படகு ஏறி, தீவில் கோல்ஃப் கார்ட் எடுத்துச் சுற்றலாம் என்று திட்டம். 1813 ஏரிப் போர் நினைவாக எழுப்பிய பெர்ரி நினைவுத்தூண் தவிர வேறு என்ன பார்க்கலாம் அக்கா?

உமா அக்கா: பீச் பாயின்ட் பக்கம் பழைய மீன் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. 1907-ல் ஒஹாயோ மாநில அரசு கட்டியது. இப்போது பொரிப்பதில்லை, காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கட்டாயம் போ. கோடையில்தான் திறப்பார்கள், நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்.

பெரியப்பா: மீன் தானே முட்டை போடும், தானே பொரியும். அதற்கு எதற்கும்மா ஒரு கட்டடம்?

உமா அக்கா: ஈரி ஏரியில் வலை போட்டு அள்ளி அள்ளி மீன் குறைந்துவிட்டது பெரியப்பா. அதை ஈடுகட்டத்தான். வலையில் வந்த சினை மீனின் வயிற்றைக் கையால் மெல்ல நீவி முட்டையை எடுப்பார்கள். ஆண் மீனின் விந்தைச் சேர்த்துக் கலப்பார்கள். அப்புறம் கண்ணாடி ஜாடி. குழாய் வழியாக ஏரித் தண்ணீர் ஜாடியின் அடிக்குப் போய், மேலே எழும்பி வழியும். முட்டைகள் ஓயாமல் உருண்டுகொண்டே இருக்கும். கட்டியாக ஒட்டிக்கொண்டால் உள்ளே இருப்பது மூச்சு முட்டிச் செத்துவிடும். செத்த முட்டை வெளுத்து மேலே வந்துவிடும், அதை மட்டும் உறிஞ்சி எடுப்பார்கள்.

அத்தை: பனிக்காலத்திலுமா?

உமா அக்கா: ஆமாம் அத்தை. ஒயிட்ஃபிஷ் என்ற ஏரி மீன் நவம்பரில் சினை விடும், பொரிய வசந்தம் வந்துவிடும். வால்ஐ மீன் வசந்தத்தில் சினை விடும், அதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் போதும்.

பெரியப்பா: இவ்வளவு செய்தும் மீன் பெருகியதா?

உமா அக்கா: எல்லாம் இல்லை. ப்ளூ பைக் என்று ஒரு மீன், இந்த ஏரியில் டன் டன்னாகப் பிடித்தார்கள். 1950-களில் சரிந்தது, 1983-ல் அற்றுப்போனதாக அறிவித்துவிட்டார்கள். எனக்கு அதை நினைத்தாலே வருத்தமாக இருக்கும். குஞ்சை விட்டால் மட்டும் போதாது, அது வளர நல்ல தண்ணீர் வேண்டும், வளரும்வரை பிடிக்காமலும் இருக்க வேண்டும். வால்ஐ பிழைத்தது அப்படித்தான். 1970-ல் மீனில் பாதரசம் இருப்பது தெரிந்து பிடிப்பதை நிறுத்தினார்கள், பிறகு கழிவுநீரையும் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள்.

பெரியப்பா: அடடா. கார்த்தி, அந்த ஜாடியைப் படம் எடுத்துப் போடு.

கார்த்தி: சரி பெரியப்பா. அக்கா, சின்னவன் தூண்டில் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான்.

உமா அக்கா: பொரிப்பகத்துப் படகுத்துறையிலேயே பிள்ளைகள் மீன் பிடிக்கலாம், தூண்டிலும் அவர்களே தருவார்கள்.

கார்த்தி: அப்போது முதலில் அங்கேதான்.