மூணரை வயசு பையனுக்கு மாசாமாசம் சளி, ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் தேவையா?

மலைக்கோட்டைமகள்:

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு மூணரை வயசு, 14 கிலோ. ஜூன்ல ப்ளேஸ்கூல்ல போட்டோம், அப்போ இருந்து மூக்கு காஞ்ச நாளே இல்ல. ஒரு சளி முடிஞ்சு ஒரு வாரம் நல்லா ஓடியாடுவான், அப்பாடான்னு உக்காரறதுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சிடும். மொதல்ல தண்ணியா ஒழுகும், லேசா உடம்பு சுடும், அப்புறம் மூக்கு அடைச்சுக்கிட்டு ராத்திரி பூரா வாயைத் தொறந்துட்டுத் தூங்குவான், நாலாம் நாள் அஞ்சாம் நாள் சளி பச்சையா கெட்டியா வரும், அதைப் பாத்ததும் வீட்ல எல்லாருக்கும் வயித்தைக் கலக்கிடும், தூக்கிட்டு கிளினிக்குக்கு ஓடுவோம். அங்க எப்பவும் ஒரே சீட்டுதான், அஸித்ரோமைசின்னு ஒரு ஆன்டிபயாடிக், ஒரு சளி சிரப், ஒரு இருமல் சிரப், ஒரு விட்டமின். குடுத்தா மூணு நாலு நாள்ல சரியாயிடுது. அதனால மருந்துதான் கேக்குதோன்னும் தோணுது, மாசாமாசம் இதையே ஊத்தினா உடம்பு என்னத்துக்கு ஆகும்னு பயமாவும் இருக்கு.

மாமியார் ஒரு பக்கம் தலைக்கு ஊத்தாத, தயிர் ஆகாது, வாழைப்பழத்தை கண்ல காட்டாதங்கறாங்க. வீட்டுக்காரர் ஏசியைக் கூட்டறதும் குறைக்கறதுமா இருக்கார். பக்கத்து வீட்டு அக்கா நெபுலைசர் ஒண்ணு வாங்கிப் போட்ருங்கன்னு சொல்றாங்க. இவனுக்கு எதிர்ப்பு சக்தியே கம்மியா, ஏதாவது டெஸ்ட் எடுக்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

அரைக்கப்காபி:

மருந்து சாப்பிட்டா ஏழு நாள், சாப்பிடலைன்னா ஒரு வாரம்னு சும்மாவா சொன்னாங்க. நீங்க எழுதினதையே கூட்டிப் பாருங்க சிஸ்டர், நாலாம் அஞ்சாம் நாள் கிளினிக் போறீங்க, அதுக்கப்புறம் மூணு நாலு நாள், ஆக மொத்தம் ஏழுல இருந்து ஒன்பது நாள். சளி தானா போறதுக்கும் அதே நாள்தான் ஆகும். பேரு மட்டும் மருந்துக்குப் போகுது.

வார்டுரவுண்ட்ஸ்:

குழந்தைங்க வார்டுல டாக்டரா வேலை பாக்கறேன், ஓபில தினமும் கேக்கற கேள்வி இது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

சளி ஒரே வியாதி இல்ல. 200க்கு மேல வைரஸ் இதை உண்டாக்கும், அதுல பெரிய கூட்டம் ரைனோவைரஸ், அதுலயே 150க்கு மேல வகை இருக்கு. ஒரு வகை வந்து போனா அதுக்கு மட்டும்தான் உடம்பு பழகும், அடுத்த வகைக்கு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பெரியவங்க நாம நிறைய வகையைப் பாத்து முடிச்சாச்சு, அதனால நமக்கு வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை வந்தா அதிகம். சின்னப் பசங்களுக்கு ஆறுல இருந்து எட்டு தடவை வரை வரும், ஸ்கூல் சேந்த மொத வருஷம் அதுக்கு மேலயும் வரலாம். ஒவ்வொண்ணும் ஏழுல இருந்து பத்து நாள், இருமல் மட்டும் ரெண்டு மூணு வாரம் இழுக்கும், அப்போ மாசத்துல பல நாள் மூக்கு ஒழுகத்தானே செய்யும். எதிர்ப்பு சக்தி கம்மின்னு இதுக்குப் பேரில்ல. எடை ஒழுங்கா ஏறுது, ரெண்டு சளிக்கு நடுவுல நல்லா ஓடறான், சாப்பிடறான்னா டெஸ்ட் எதுவும் வேண்டாம். திரும்பத் திரும்ப நிமோனியா வந்து அட்மிட் ஆகறது, காதுல சீழ் வந்துட்டே இருக்கறது, எடையே ஏறாம நிக்கறது, இந்த மாதிரி இருந்தாதான் நாங்க அந்தப் பக்கம் யோசிப்போம்.

பச்சை சளி பத்தி. எல்லாரும் பயப்படறது அதுக்குத்தான், எங்க ஆளுங்க சிலர் ஆன்டிபயாடிக் எழுத பேனாவை எடுக்கறதும் அதைப் பாத்துதான். வைரஸோட சண்டை போட வர்ற வெள்ளை அணுக்குள்ள ஒரு என்சைம் இருக்கு, அதோட நிறமே பச்சை. அந்த அணுக்கள் செத்துக் குவியறப்போ சளி மஞ்சளாகி பச்சையாகும், அதுவும் சரியா நாலாம் அஞ்சாம் நாள்லதான். அதை மட்டும் வெச்சு பாக்டீரியான்னு சொல்லவே முடியாது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒண்ணும் பண்ணாது, வயித்தைத்தான் கெடுக்கும். இன்னொண்ணு, அஸித்ரோமைசின் நம்ம ஊர்ல டைபாய்டுக்கு வெச்சிருக்கற முக்கியமான வாய்வழி மருந்து, அதை மூக்கு ஒழுகறதுக்கெல்லாம் குடுத்துக் குடுத்து கிருமிக்கு அதைப் பழக்கி விட்டுட்டா நாளைக்கு டைபாய்டு வந்து நிக்கற குழந்தைக்கு என்னத்தைக் குடுக்கறது?

எப்போ ஆன்டிபயாடிக் யோசிக்கணும்னா, பத்து நாள் தாண்டியும் கொஞ்சம்கூட குறையலைன்னா, இல்ல நல்லா தெளிஞ்சு வந்தவனுக்கு திடீர்னு மறுபடி காய்ச்சல் ஏறுச்சுன்னா, இல்ல காதைப் பிடிச்சுட்டு அழுதான்னா. அப்போ டாக்டர்கிட்ட காட்டுங்க, அவங்க பாத்து முடிவு பண்ணட்டும்.

நீங்க வீட்ல பாக்க வேண்டியது சளியோட கலரை இல்ல, மூச்சை. தூங்கறப்போ சட்டையைத் தூக்கி விட்டுட்டு போன்ல ஒரு நிமிஷம் டைமர் வெச்சு வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குதுன்னு எண்ணுங்க, முழு ஒரு நிமிஷம், பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்காதீங்க, பசங்க மூச்சு ஒரே சீரா இருக்காது. ஒரு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40ஓ அதுக்கு மேலயோ போனா நிமோனியாவா இருக்கலாம், உடனே காட்டணும். கைக்குழந்தைன்னா, ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசு வரை 50. எண்ணறப்போவே விலாவுக்குக் கீழ ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுதான்னும் பாருங்க, விழுந்தா விடியட்டும்னு காத்திருக்காதீங்க. தண்ணிகூட இறங்கலை, எழுப்பினாலும் சோந்து சோந்து விழறான்னாலும் அப்படித்தான்.

நெபுலைசர் வீசிங் இருக்கற குழந்தைக்கு, டாக்டர் சொன்னா மட்டும். வெறும் மூக்கடைப்புக்கு மெடிக்கல்ல உப்புத்தண்ணி சொட்டு கிடைக்கும், 0.65 சதவீத சலைன், தூங்கப் போறதுக்கு முன்னாடியும் சாப்பாட்டுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு சொட்டு விட்டாலே போதும். சளி இல்லாத நாள்லயும் வாயைத் தொறந்துட்டு குறட்டை விட்டுத் தூங்கறான்னா மட்டும் மூக்குக்குப் பின்னாடி இருக்கற அடினாய்டுங்கற சதை வீங்கியிருக்கான்னு ஒரு ஈஎன்டி டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

கவுன்ட்டர்க்குப்பின்னாடி:

டாக்டர் சிரப்பை விட்டுட்டார், அதை நான் சொல்றேன், மெடிக்கல் ஷாப்ல நிக்கறவன். சிஸ்டர், உங்க சளி சிரப் பாட்டிலைத் திருப்பி பின்னாடி பொடி எழுத்துல இருக்கறதைப் படிங்க. குளோர்ஃபெனிரமைனும் ஃபீனைல்எஃப்ரினும் சேந்து இருந்தா, அந்த காம்பினேஷனை நாலு வயசுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு 2023 டிசம்பர்லயே மத்திய மருந்து கட்டுப்பாட்டுல இருந்து உத்தரவு வந்தாச்சு, லேபிள்ல அதை அச்சடிக்கணும்னும் சொல்லியாச்சு. உங்க பையனுக்கு மூணரை. இன்னும் குடுத்துட்டுதான் இருக்காங்க, வாங்கிட்டுதான் இருக்காங்க. வாயால சாப்பிடற ஃபீனைல்எஃப்ரின் மூக்கடைப்புக்கு வேலையே செய்யலைன்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏவோட நிபுணர் குழு 2023ல சொல்லிட்டாங்க, அது தனிக்கதை.

2025 செப்டம்பர் அக்டோபர்ல மத்திய பிரதேசம் சிந்த்வாரா பக்கம் 20க்கு மேல பச்சப் பிள்ளைங்க சிறுநீரகம் போய் செத்தது ஞாபகம் இருக்கும். சாதாரண சளி காய்ச்சல்னு குடுத்த சிரப், அதுல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கற விஷ ரசாயனம் கலந்திருந்தது, தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. அப்போதான் மத்திய அரசு ரெண்டு வயசுக்குக் கீழ இருமல் சளி மருந்தே வேண்டாம், அஞ்சு வயசுக்குக் கீழயும் பொதுவா தேவைப்படாதுன்னு மறுபடி சொன்னாங்க. எல்லா சிரப்பும் விஷம்னு சொல்ல வரலை, தேவையில்லாத ஒண்ணுக்கு எதுக்கு அந்த ரிஸ்க் எடுக்கணும்னுதான் கேக்கறேன்.

பெரியவங்களுக்கும் ஒண்ணு. காய்ச்சலுக்கு டோலோ 650 போட்டுக்கிட்டு மூக்கு ஒழுகுதுன்னு சினாரெஸ்ட்டும் சேத்துப் போடறாங்க, டோலோவே பாரசிட்டமால்தான், சினாரெஸ்ட்டுக்குள்ளயும் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் இருக்கு, ரெண்டையும் மூணு வேளை போட்டா கல்லீரலுக்கு எவ்வளவு பாரம்னு யோசிங்க. பிபி இருக்கறவங்க இந்த மாதிரி காம்பினேஷன் மாத்திரையை டாக்டரைக் கேக்காம தொடாதீங்க. மூக்கடைப்புக்கு பெரியவங்க விட்டுக்கற ஆக்ஸிமெடாஸோலின் சொட்டும் மூணு நாளைக்கு மேல வேண்டாம், விட விட அடைப்பு ஜாஸ்தியாகி சொட்டு இல்லாம தூங்கவே முடியாதுன்னு வந்து நிக்கறாங்க.

திண்ணைப்பாட்டி:

என்னம்மா எல்லாரும் மாத்திரை பேரா அடுக்கறீங்க. வீட்டு வாசல்ல கற்பூரவல்லி இருக்கா? நாலு இலையை அனல்ல வாட்டி கசக்கிப் பிழிஞ்சா ஒரு ஸ்பூன் சாறு வரும், அதுல நாலு சொட்டு தேன் விட்டுக் குடு. மத்தியானம் தூதுவளை ரசமோ மிளகு ரசமோ சாதத்தைக் குழைய விட்டுப் பிசைஞ்சு குடு, மூக்கு தானா விட்டுடும். நெஞ்சுல தேங்காண்ணெயைக் காய வெச்சு கற்பூரம் போட்டு தேய்ச்சு விடு, நொச்சி இலையைக் கொதிக்க விட்டு ஆவி பிடிக்கச் சொல்லு. உங்க மாமியார் சொல்றதும் சரிதான், மழை நாள்ல தலைக்கு ஊத்தாத.

வார்டுரவுண்ட்ஸ்:

பாட்டி, ரசத்துக்கும் கற்பூரவல்லிக்கும் நான் குறுக்க நிக்க மாட்டேன். தேன் இருமலைக் குறைக்கறதுக்கு ஆதாரமே இருக்கு, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அரை ஸ்பூன், நிறைய சிரப்பை விட தேவலை. ஒரு வயசுக்குக் கீழ மட்டும் நாக்குல தடவக்கூட கூடாது, பாட்டுலிசம்னு ஒரு ஆபத்தான வியாதி வரும்.

ஆனா கற்பூரம் வேண்டவே வேண்டாம். சின்னக் குழந்தை கொஞ்சூண்டு வாயில போட்டாலே ஃபிட்ஸ் வரும், தோல் வழியாவும் உள்ள போகும், பூஜை அலமாரில எட்டற உயரத்துல இருந்து எடுத்துத் தின்ன குழந்தைங்களை நாங்க பாக்கறோம். கற்பூரம் கலந்த டப்பா மருந்தும் ரெண்டு வயசுக்குக் கீழ கிடையாது. கொதிக்கற பாத்திரத்துல ஆவியும் சின்னதுங்களுக்கு வேண்டாம், போர்வைக்குள்ள ஒரு உதை விட்டான்னா மடியெல்லாம் வெந்துடும், தீக்காய வார்டுல அப்படி வந்து படுத்திருக்கற பசங்க நிறைய. மஞ்சள் சுட்ட புகை, சாம்பிராணி, ரெண்டும் வீசிங் இருக்கற பிள்ளைக்கு நேர் எதிரி.

திண்ணைப்பாட்டி:

சரிப்பா, கற்பூரத்தை எடுத்து மேல வெச்சிடறேன். எங்க காலத்துல இவ்வளவு தெரியாது. வெறும் தேங்காண்ணெய் தேய்க்கலாமில்ல? நீர்க்கோவை மாத்திரையை இழைச்சு எனக்கு நெத்தில பத்து போட்டுக்கலாமில்ல?

வார்டுரவுண்ட்ஸ்:

தாராளமா பாட்டி, ரெண்டும்.

கரவெட்டிக்காரி:

நான் லண்டன்ல இருக்கிறன். இங்க பிள்ளைக்குத் தடிமன், நீங்கள் சொல்லுற சளி, எண்டு ஜிபி எண்ட குடும்ப டொக்டரிட்டக் கொண்டு போனா, இது வைரஸ், தன்பாட்டில மாறும், பனடோலும் (பாரசிட்டமால்தான்) தண்ணியும் குடுங்கோ எண்டு சொல்லித் திருப்பி அனுப்பிப் போடுவினம். முதல் முதல் எனக்கு சரியான விசர் வந்தது, காசு குடுக்காட்டி மருந்தும் தரமாட்டினமோ எண்டு. இங்க 2009இல இருந்து ஆறு வயசுக்குக் கீழ பிள்ளையளுக்கு கடையில தடிமன் மருந்து வாங்கிக் குடுக்கக் கூடாது எண்டு சொல்லியிருக்கினம், அது தெரிஞ்ச பிறகுதான் விளங்கிச்சுது. அம்மா ஊரில இருந்து கதைக்கேக்க கொத்தமல்லி அவிச்சுக் குடு எண்டுதான் சொல்லுவா. மல்லியை லேசா வறுத்து, ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டு, மூண்டு கப் தண்ணி ஒண்டரை கப்பா வத்தினாப் பிறகு வடிச்சு, கொஞ்சம் சர்க்கரை கடிச்சுக்கொண்டு இளஞ்சூட்டில குடிக்கிறது. மாறுதோ இல்லையோ, தொண்டைக்கு நல்ல சுகம். பிள்ளையும் அழாமக் குடிப்பான், அதுவே பெரிய விஷயம்.

அரைக்கப்காபி:

தலைக்கு ஊத்தறது, ஏசி, தயிர் பஞ்சாயத்தையும் முடிச்சு விடறேன். இங்கிலாந்துல சாலிஸ்பரிங்கற ஊர்ல 1946ல இருந்து நாப்பது வருஷத்துக்கு மேல சளிக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் நடத்தினாங்க. ஆளுங்க அங்க இலவசமா தங்கி சாப்பிட்டுக்கிட்டு மூக்குல வைரஸ் விட்டுக்குவாங்க, ஓசி டூர் மாதிரி கூட்டமாம். அதுல ஒரு பேட்ச்சை சுடுதண்ணில குளிக்க வெச்சு, ஈரத்தோட காத்தடிக்கற வராண்டால நிக்க விட்டு, ஈர சாக்ஸும் மாட்டி விட்டாங்க. நடுங்கினதுதான் மிச்சம், வைரஸ் விடாம சளி வரலை. ஆனா மாமியாரை முழுசா தோக்கடிக்கவும் முடியாது, ரைனோவைரஸுக்கு உடம்போட 37 டிகிரியை விட மூக்குக்குள்ள இருக்கற 33 டிகிரிதான் சௌகரியம், குளிர்ந்த மூக்குல நம்ம எதிர்ப்பும் கொஞ்சம் மந்தமா வேலை செய்யுதுன்னு அப்புறமா கண்டுபிடிச்சிருக்காங்க. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகைல சளி ஜாஸ்தி ஆகறதுக்கு நனையறதை விட, ஜன்னலை சாத்திட்டு ஒரே ரூம்ல முப்பது பசங்க உக்காந்து ஒருத்தர் மேல ஒருத்தர் தும்மறது பெரிய காரணம். தயிரும் வாழைப்பழமும் பாவம், அதுங்களை விட்ருங்க.

மலைக்கோட்டைமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி தூங்கறப்போ மூச்சை எண்ணிப் பாத்தேன், 26 தான் வந்தது, வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து தனியா எண்ணி சரிபார்த்தார். சிரப் பாட்டிலைத் திருப்பிப் பாத்தேன், கவுன்ட்டர் ப்ரோ சொன்ன அதே ரெண்டு பேரும் இருக்கு, நாலு வயசுக்குக் கீழ வேண்டாம்னு கீழ எழுதியும் இருக்கு. ஸ்கூலுக்கு அனுப்பலாமா? அப்புறம் காய்ச்சலுக்கு வீட்ல பாரசிட்டமால் சொட்டு ஒண்ணும் சிரப் ஒண்ணும் இருக்கு, ரெண்டும் ஒண்ணுதானே, எதைக் குடுத்தாலும் அதே அளவுதானே?

வார்டுரவுண்ட்ஸ்:

காய்ச்சல் இல்லாம ஓடியாடறான்னா அனுப்பலாம், மூக்கு முழுசா காயற வரைக்கும் காத்திருந்தா யூகேஜிதான் போவான். வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டு கை கழுவ வைங்க, இந்த வைரஸ் கையில இருந்துதான் மூக்குக்கும் கண்ணுக்கும் போகுது.

கவுன்ட்டர்க்குப்பின்னாடி:

ஒண்ணு இல்ல சிஸ்டர், நல்ல வேளை கேட்டீங்க. சொட்டு மருந்து ரொம்ப செறிவா இருக்கும், பெரும்பாலும் 1 மில்லில 100 மில்லிகிராம். சிரப் 5 மில்லில 120ஓ 250ஓ இருக்கும், பாட்டிலைப் பொறுத்து. ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10ல இருந்து 15 மில்லிகிராம், 14 கிலோ பையனுக்கு 140ல இருந்து 210க்குள்ள. அப்போ 250 சிரப்னா 4 மில்லி, 120 சிரப்னா 8 மில்லி, சொட்டுன்னா வெறும் 2 மில்லி. 120 சிரப் அளவுன்னு நெனச்சு சொட்டு பாட்டில்ல இருந்து 8 மில்லி ஊத்தினா 800 மில்லிகிராம் உள்ள போயிடும். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைஞ்சது நாலு மணி நேரம், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல வேண்டாம். பாட்டிலோட வர்ற மூடிலயோ சிரிஞ்ச்லயோ அளங்க, சமையல் ஸ்பூன் வேண்டாம். சொட்டு பாட்டிலைத் தூக்கிப் போட்டுடுங்க, அது கைக்குழந்தைக்கு.