சன்வைசருக்கும் வாய்க்கும் நடுவில் சாணா, முழமா?

வண்டிச்சத்தம்:
நேற்று டேஷ்கேம் இழையில் கிண்டி_கியர் சார் போகிறபோக்கில் ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார். சன்வைசர் என்றால் முன்கண்ணாடிக்கு மேலே வெயிலை மறைக்க இறக்கிவிடும் பலகை. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: “ஓட்டிக்கொண்டே பேசி எடுக்கும் வீடியோவுக்குக் காலர் மைக் வீண் செலவு. மைக்கை சன்வைசரில் மாட்டுங்கள். வாயிலிருந்து ஒரு சாண்தான். குரல் கணீரென்று விழும்.”

இதை நம்பி ஒரு தம்பி வைசரில் மாட்டிக்கொண்டு, செங்கல்பட்டிலிருந்து திண்டிவனம் வரை பேசிக்கொண்டே போய், ஃபைலை என்னிடம் அனுப்பிச் சரிசெய்து தரச் சொல்கிறான். மதுராந்தகம் ஏரியைப் பற்றி ஏதோ சொல்கிறான். என்ன சொன்னான் என்பது அந்த ஏரிக்குத்தான் வெளிச்சம். டயர் இரைச்சல், ஏசி காற்று, அதற்குப் பின்னால் கிணற்றில் விழுந்தவன் கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல்.

ஒரு சாண் எந்தக் காரில் சார் இருக்கிறது? வைசருக்கும் வாய்க்கும் ஒரு முழம். முழம் என்றால் இரண்டு சாண். தூரம் இரண்டு மடங்கானால் நேராக வந்து விழும் குரல் 6 டெசிபல் குறையும். இரைச்சலோ வண்டி முழுக்க நிறைந்து கிடக்கிறது, அது குறையாது. அப்புறம் எந்த மென்பொருளில் போட்டு அலசினாலும் கறை போகாது.

கிண்டி_கியர்:
வந்துவிட்டார் வாத்தியார். 22 வருடமாக வண்டி ஓட்டுகிறேன், 4 வருடமாக ஓட்டிக்கொண்டே பேசி வீடியோ போடுகிறேன். குரல் கேட்கவில்லை என்று ஒருவர்கூட எழுதியதில்லை. ஒரு சாண் என்றால் ஒரு சாண்தான். கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

இன்னொன்று. கார் கம்பெனிக்காரன் புளூடூத் பேச்சுக்கான மைக்கைப் பல வண்டிகளில் எங்கே வைக்கிறான்? கூரையில், வண்டிக்குள் எரியும் முன்பக்க விளக்குக்குப் பக்கத்தில். அவனெல்லாம் படிக்காதவனா?

டெசிபல்தாசன்:
அந்த மைக் போன் பேசுவதற்கு. பழைய தொலைபேசிக் குரலுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை இருந்தால் போதும். டயரின் அடி உறுமலில் பெரும்பகுதி அங்கேயே வெட்டுப்பட்டுவிடும். மிச்ச இரைச்சலையும் எதிரொலியையும் கழிக்க மைக்குக்குப் பின்னால் ஒரு சிப் உட்கார்ந்து வேலை பார்க்கிறது. “எங்கே இருக்கே, சாப்பிட்டியா” என்று கேட்க அது போதும். அதே குரலை ஹெட்ஃபோனில் 20 நிமிடம் கேட்டால் தலைவலி மாத்திரை தேட வேண்டியதுதான்.

கிண்டி_கியர்:
ஆக, மேலே வைப்பது தப்பில்லை என்று ஒப்புக்கொள்கிறீர்கள். நன்றி. ஒரு சாண்.

டெசிபல்தாசன்:
நான் எங்கே ஒப்புக்கொண்டேன்?

தேனி_டாப்கியர்:
அண்ணே, புதிதாக வந்திருக்கிறேன். என்னிடம் 1,500 ரூபாய்தான் இருக்கிறது. பழைய ஹேட்ச்பேக். போனில்தான் எடுக்கிறேன். என்ன வாங்கலாம்?

வண்டிச்சத்தம்:
தம்பி, கொஞ்சம் இரு. முதலில் இந்தச் சாண் விஷயம் முடியட்டும்.

கிண்டி_கியர் சார், சாண் என்பது கையை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை. சுமார் 9 அங்குலம். இன்று காலை தையல்காரர் டேப் கொண்டுபோய் என் வண்டியில் அளந்தேன். வைசரின் நடுவிலிருந்து என் வாய் வரை 16 அங்குலம்.

கிண்டி_கியர்:
பாருங்கள் மக்களே. முழம் என்றால் 18 அங்குலம். இவர் அளந்ததே 16. முழம் என்று சொன்னவர் அவரே முழத்தைப் பொய்யாக்கிவிட்டார். நான் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை.

வண்டிச்சத்தம்:
9-க்கும் 18-க்கும் நடுவில் 16 எதற்குப் பக்கம் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். 16 என்றே வைத்துக்கொண்டாலும் 5 டெசிபல் போச்சு.

கிண்டி_கியர்:
என் வண்டியில் 9. நான் சீட்டை முன்னால் தள்ளிப் போட்டு ஓட்டுகிறவன்.

மூன்றாவது_சீட்:
வைசர் உங்கள் வாயிலிருந்து 9 அங்குலத்தில் இருந்தால் ஸ்டீயரிங் எங்கே இருக்கும்? மடியிலா? நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் குறைந்தது 10 அங்குலம் விடச் சொல்வார்கள், ஏர்பேக் விரியும்போது அடிபடாமல் இருக்க. மைக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சீட்டைப் பின்னால் தள்ளுங்கள் சார்.

அப்புறம் ஒரு கேள்வி. வைசரை மடித்து வைத்து அளந்தீர்களா, இறக்கி வைத்து அளந்தீர்களா?

கிண்டி_கியர்:
ஏர்பேக் பாடம் எடுக்க நான் இங்கே வரவில்லை.

டீசல்மாமா:
எல்லாரும் மைக்கையே பேசுகிறீர்களே, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று ஒருவனாவது கேட்டானா? டயர். டயருக்குள் இருக்கும் காற்றே 200, 250 ஹெர்ட்ஸ் வாக்கில் மூங்கென்று அதிரும். அது குரல் இருக்கும் இடமேதான், வெட்டி எறிய முடியாது. சாலையையும் பார்க்க வேண்டும். மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வே மாதிரி கான்கிரீட்டில் ஓடினால் தார்ச்சாலையைவிடச் சத்தம் அதிகம். என் பழைய டீசல் வண்டியில் நிமிடத்துக்கு 2000 சுற்றில் எஞ்சின் துடிப்பு 66 ஹெர்ட்ஸ். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே லோ கட், அதாவது அடி ஒலியை வெட்டும் வடிகட்டி, போட்டால் அது அடங்கிவிடும். டயர் அடங்காது.

இதை 2 வருடத்துக்கு முன் நைட்ரஜன் காற்று விவாதத்திலேயே எழுதினேன். அப்போது கிண்டி_கியர் என்ன சொன்னார் தெரியுமா? நைட்ரஜன் அடித்தால் டயர் பேசாதாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் ஐயா.

கிண்டி_கியர்:
மாமா, அதை இன்னும் மனதில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறீர்களா? நான் சொன்னது “குறைவாகப் பேசும்” என்று. “பேசாது” என்று சொல்லவில்லை.

டீசல்மாமா:
நைட்ரஜனை விடுங்கள். ஏலகிரி சந்திப்பில் என் டயர் பிரஷர் கேஜை வாங்கிப் போனீர்களே, அது எங்கே?

கிண்டி_கியர்:
அது இந்த இழைக்குச் சம்பந்தமில்லாதது.

டீசல்மாமா:
எனக்குச் சம்பந்தம் உண்டு. 650 ரூபாய்.

ஃப்ளோட்_பாண்டி:
எதற்கு இவ்வளவு சண்டை? 32 பிட் ஃப்ளோட்டில் (மெல்லிய ஒலியும் பெரிய ஒலியும் கெடாமல் பதியும் முறை) பதியும் வயர்லெஸ் மைக் வாங்கினால் முடிந்தது. சாணோ முழமோ, பின்னால் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம்.

டெசிபல்தாசன்:
ஏற்றினால் குரலோடு சேர்ந்து டயரும் ஏறும். 32 பிட் ஃப்ளோட் காப்பாற்றுவது நீங்கள் திடீரென்று கத்தும்போது ஒலி உடைந்துபோகாமல் இருக்க. குறுக்கே மாடு வந்தால் உதவும். இரைச்சலைக் குறைக்கிற வேலை அதற்கு இல்லை.

போனிலும் ஆக்‌ஷன் கேமராவிலும் உண்மையான வில்லன் தானியங்கி ஒலியளவு. நீங்கள் பேச்சை நிறுத்தியதும் அதுவாக ஏற்றும், இரைச்சல் அலைபோல எழும்பி வரும். பேச ஆரம்பித்ததும் அமுக்கும். அதை அணைத்துவிட்டு, சத்தமாகப் பேசும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் தொடுகிற மாதிரி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

கிண்டி_கியர்:
பேச்சை ஏன் நிறுத்த வேண்டும்? நான் நிறுத்துவதே இல்லை.

மூன்றாவது_சீட்:
அது தெரிகிறது.

தேனி_டாப்கியர்:
அண்ணே, 1,500 ரூபாய்...

மூன்றாவது_சீட்:
தம்பி, ஒன்றும் வாங்காதே. பழைய ஒயர் இயர்போன் இருந்தால் அதிலுள்ள மைக்கைச் சட்டையில் கிளிப் போட்டு மாட்டு. வேறொரு பழைய போனில் அதைச் சொருகி, பதிவைப் போட்டுச் சட்டைப்பையில் வை. வண்டியை எடுப்பதற்கு முன்னால் கேமரா முன் ஒரு கைதட்டு. எடிட்டில் அந்தத் தட்டை வைத்து இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம். நம் ஊரில் வலதுபக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம், பெல்ட் வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு இறங்கும். அதனால் மைக்கை இடது பக்கக் காலரில் மாட்டு. வலது பக்கம் மாட்டினால் பெல்ட் உரசி மாவு சலிக்கிற சத்தம்தான் வரும். ஓட்டும்போது போனைக் கையில் எடுக்காதே. மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் கையில் பிடித்த போன் ஆபத்தான ஓட்டுதல் கணக்கில் வரும்.

கிண்டி_கியர்:
இயர்போன் மைக்கா! 2 போன், 1 ஒயர், கைதட்டு. கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவா நடத்துகிறோம்? இந்த அவஸ்தைக்குப் பதில் வைசரில் ஒரு கிளிப். ஒரு சாண். முடிந்தது.

வண்டிச்சத்தம்:
வைசரில் மாட்டினால் வைசர் ஆட்டமும் சேர்ந்து வரும். மூட்டு தளர்ந்த வைசர் ஒவ்வொரு வேகத்தடைக்கும் டக் டக் என்று பதில் சொல்லும். அதற்கு ஒரு விரற்கடை முன்னால் கண்ணாடி, குரல் அதில் பட்டுத் திரும்பி மறுபடி மைக்கில் விழும். மழை வந்தால் கூரைத் தகரம் தவில் வாசிக்கும், மைக் கச்சேரி மேடையிலேயே உட்கார்ந்திருக்கும்.

காலரில் மாட்டிப் பாருங்கள், வாயிலிருந்து ஒரு சாணுக்குள் வரும். அதுதான் சாண். உங்களுடையது முழம்.

கிண்டி_கியர்:
காலர் மைக்கில் ஏசி காற்று அடிக்காதா? மே மாதம் சென்னையில் ஏசியை அணைத்துவிட்டு ஓட்டுவீர்களா? வேர்வையில் மைக்கே நனைந்துபோகும். வைசரில் காற்றுப் படாது. இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

டெசிபல்தாசன்:
வென்ட்டை நெஞ்சுப் பக்கம் திருப்பாமல் பக்கவாட்டில் திருப்புங்கள், ஃபேனை 1-இல் வையுங்கள், மைக்குக்குப் பஞ்சு போடுங்கள். ஏசி இரைச்சல் ஒரே சீரானது. பேசாமல் 10 வினாடி பதிந்துவைத்தால் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட் மென்பொருளில் அதை மாதிரியாகக் கொடுத்துக் கழித்துவிடலாம். அளவோடு கழிக்க வேண்டும், பேராசைப்பட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும். சாலை இரைச்சல் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் அந்த வித்தை அங்கே அரைகுறைதான். அதனால்தான் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்கிறோம்.

கிண்டி_கியர்:
பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு சாண்.

டீசல்மாமா:
650 ரூபாய்.

ஃப்ளோட்_பாண்டி:
வீடியோ இணைப்பு ஒன்று போடுங்கள் கிண்டி_கியர் சார், கேட்டுவிட்டு முடிவு பண்ணலாம்.

கிண்டி_கியர்:
எதற்கு? கேட்டுவிட்டு இவர்கள் மெச்சப் போகிறார்களா? வண்டிச்சத்தம் சாருக்கு என் வீடியோ பார்வை எண்ணிக்கைமேல் எப்போதும் ஒரு எரிச்சல். போன பொங்கலுக்கு நான் போட்ட பழைய மாமல்லபுரம் ரோடு வீடியோவில் “பின்னணி இசை அருமை, குரல்தான் இடைஞ்சல்” என்று எழுதியது யார்?

வண்டிச்சத்தம்:
அது பாராட்டு சார். அந்த வீடியோவில் பின்னணி இசையே இல்லை, அது உங்கள் டயர்.

கிண்டி_கியர்:
இந்தத் திமிருக்குத்தான் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று நினைக்கிறேன். சரி, கேளுங்கள். இன்று மதியம் என் மச்சானை அளக்கச் சொன்னேன். அவன் கையில் ஒன்றரைச் சாண் வந்தது. அவன் கை சின்னக் கை. என் கையில் ஒரு சாண்தான்.

மூன்றாவது_சீட்:
மடித்து வைத்தா, இறக்கி வைத்தா?

டெசிபல்தாசன்:
ஒன்றரைச் சாண்! ராத்திரிக்குள் முழம் ஆகிவிடும் போலிருக்கிறது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கிண்டி_கியர்:
பழமொழி சொல்வது வாதமாகாது. மச்சான் 5 அடி 2 அங்குலம். அவன் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தான். நான் நிமிர்ந்து உட்காருவேன். அவனவன் உடம்புக்கு அவனவன் சாண்.

வண்டிச்சத்தம்:
அப்படியென்றால் நேற்று ஊருக்கே ஒரு சாண் என்று ஏன் எழுதினீர்கள்? அந்தத் தம்பி 6 அடி.

கிண்டி_கியர்:
6 அடி என்றால் அவன் வாய் வைசருக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும். அரைச் சாண்.

தேனி_டாப்கியர்:
அண்ணே, இயர்போன் மைக்கை மாட்டிப் பெரியகுளம் வரை போய் வந்தேன். குரல் நன்றாகவே வருகிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பேசியது ஒன்றும் விழவில்லை. அதற்கு என்ன செய்வது?

கிண்டி_கியர்:
தம்பி, இதற்குத்தான் சொன்னேன். அம்மா பக்க வைசரில் இன்னொன்று மாட்டு. ஒரு சாண்.

டீசல்மாமா:
பிரஷர் கேஜைக் கூரியரில் அனுப்பினாலும் சரி. முகவரி உங்களிடம் இருக்கிறது.