பறவை பார்க்கப் போய் மரம் பார்த்தது: ஏரிக்கரை அனுபவங்கள்

செங்கல்பட்டுப் பெண்:
வேடந்தாங்கல் என்றாலே எல்லோரும் பறவைகளைத்தான் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நீர்க்கடம்பு. நத்தைகுத்தி நாரையும் கொக்கும் கூடு கட்டுவது பெரும்பாலும் இந்த மரத்திலும் கருவேலத்திலும்தான். மாதக்கணக்கில் தண்ணீருக்குள் நின்றாலும் நீர்க்கடம்பு அழுகாது. சுற்றிலும் தண்ணீர் நிற்பதே கூடுகளுக்குக் காவல்.

பறவைகள் கிளம்பிப் போன பிறகு, ஒரு கோடையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது விடியற்காலையில் கரையில் நடந்தேன். மரத்தடியில் மண்ணே தெரியவில்லை, அப்படி ஒரு சிவப்பு. நிமிர்ந்தால் முழ நீளச் சரங்கள் தொங்குகின்றன. ஒரு பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இதழ்கள் இத்தனூண்டு, கண்ணிலேயே படாது. அழகெல்லாம் நூல் நூலாக விரிந்து நிற்கும் சிவப்புக் கேசரங்களில், அதாவது மகரந்தம் தாங்கும் இழைகளில்தான். ராத்திரி மலர்ந்து, காலையிலேயே உதிர்ந்துவிடுகிற பூ. சாவகாசமாகப் பத்து மணிக்கு வருகிறவர்கள் பாவம், தரையில் வதங்கியதைத்தான் பார்ப்பார்கள்.

பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று இந்த ஊர்க்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலிலும் இந்த ஏரிக்கு இடம் கிடைத்தது. அந்தக் காவலில் மரங்களும் பிழைத்தன என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து:
அக்கா, கரை ஓரம் நீர்முள்ளியைக் கவனித்தீர்களா? ஊதாப் பூ அழகாக இருக்கிறதே என்று கையை நீட்டினால் கணுவுக்குக் கணு நீள நீளமாக முள். விதையைத் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் வழவழவென்று ஆகிவிடும். எங்கள் பாட்டி சொல்லித்தான் அதைப் போட்டுப் பார்த்தேன்.

திண்டிவனத்துக்காரர்:
ஏரிக்கரையில் இளஞ்சிவப்பில் புனல் மாதிரி பூக்கிறதே, நெய்வேலிக் காட்டாமணக்கு, அதன் முன்னால் நின்று பலர் போட்டோ எடுக்கிறார்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. ஆடு மாடு தின்றால் உடம்புக்கு ஆகாது. ஒரு தண்டு ஒடிந்து ஈரத்தில் விழுந்தாலும் வேர் விட்டுவிடும். எங்கள் ஏரியில் கோரையும் பொன்னாங்கண்ணியும் இருந்த இடத்தையெல்லாம் அதுதான் பிடித்துக்கொண்டது, பார்க்கவே வயிறு எரிந்தது. வெட்டினால் போதாது என்று புரிந்த பிறகு, ஏரி வற்றும் சமயத்தில் ஊர்ப் பையன்களோடு சேர்ந்து வேரோடு பிடுங்கி, கரைக்கு மேலே வெயிலில் காயப் போடுகிறோம். பிடுங்கிய இடத்தில் அடுத்த மழைக்குக் கோரை தானாக வந்தது. அப்புறம் பொடுதலையும் படர ஆரம்பித்துவிட்டது.