800 வெள்ளிக்குள் ஹெட்போனும் ஆம்ப்பும்: தகரக் கூரையும் பழைய கேசட்டும் உள்ள வீட்டுக்கு எது சரி?

கேள்வி: ஆலைக்காரன், சுங்கை சிப்புட், மலேசியா

வணக்கம். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஒரு நல்ல ஹெட்போனும், தேவைப்பட்டால் ஓர் ஆம்ப்பும் (ஹெட்போனுக்குச் சக்தி கூட்டும் பெட்டி) வாங்க வேண்டும். கையில் 800 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. ஆறு மாத ஓவர்டைம் காசில் ஒதுக்கி வைத்தது. தப்பான பொருளை வாங்கிவிடக் கூடாதே என்று இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிஃப்டு வேலை. பிற்பகல் ஷிஃப்டு முடிந்து வீடு வந்து சேர இரவு பதினொன்றரை ஆகும். குளித்துச் சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம்தான் எனக்கென்று கிடைக்கும். அதே மேசையில் எதிரே மனைவி மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருப்பார். தலைக்கு மேலே ஃபேன் சுற்றும். பின்பக்கம் இழுத்துக் கட்டிய அடுப்படிக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

நான் கேட்பது பெரும்பாலும் அப்பாவின் கேசட்டுகள். முன்பு நாங்கள் இருந்த தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து மேளம் வரும். அப்பா பால் மரம் (ரப்பர்) வெட்டிய காசில் வாங்கிய ரேடியோ கேசட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாமி ஊர்வலத்தோடு நடந்தபடியே பதிவு செய்தவை. மொத்தம் 11 கேசட். பிறகு தோட்டம் கைமாறியது, லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்து அங்கேயும் செம்பனை நட்டுவிட்டார்கள். கோயிலை மட்டும் சாலையோரம் நகர்த்திக் கட்டினோம். அந்தச் சத்தம் இந்த 11 கேசட்டில்தான் மிச்சம் இருக்கிறது. நண்பர் ஒருவரின் கேசட் டெக்கில் ஓடவிட்டு எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றிவிட்டேன். ஆனால் இப்போதுள்ள இயர்போனில் நாதஸ்வரம் போர்வைக்குள் இருந்து வாசிப்பது போலக் கேட்கிறது. தவில் வெறும் 'டம் டம்'.

பார்த்து வைத்திருப்பவை மூன்று. ஈப்போவில் ஒருவர் பழைய சென்ஹைசர் எச்டி 600-ஐ 780 வெள்ளிக்குத் தருகிறார். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 80 ஓம் புதிதாகவே என் காசுக்குள் வருகிறது. பிலிப்ஸ் எஸ்எச்பி 9500 வாங்கினால் மிச்சக் காசில் ஆம்ப்பும் வாங்கலாம். எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போன் ஆம்ப் இல்லாமல் பாடவே பாடாது என்கிறார் கூட வேலை செய்பவர். உண்மையா? லேப்டாப் ஜாக்கில் போட்டுக் கேட்கலாமா? போனில் ஜாக் கிடையாது.

பதில் 1: ஈப்போ பையன்

அண்ணே, ஃபேன் சத்தமும் மழையும்தான் தொந்தரவு என்றால், சத்தம் அடக்கும் ப்ளூடூத் ஹெட்போன் ஒன்று எடுத்துவிடுங்கள். ஆம்ப்பும் வேண்டாம், ஒயரும் வேண்டாம். நான் பஸ்ஸில் அதைத்தான் போடுகிறேன், இஞ்சின் இரைச்சல் நன்றாகவே குறைகிறது. பேட்டரி நாலைந்து வருஷத்தில் தளர்ந்துவிடும், அது ஒன்றுதான் குறை.

பதில் 2: பழைய ரேடியோ, தைப்பிங்

தம்பி, நான் முப்பது வருஷம் ரேடியோ, ஆம்ப் பழுது பார்த்தவன். முதலில் ஆம்ப் விஷயத்தை முடித்துவிடுவோம், எல்லோரும் குழம்புவது அங்கேதான்.

ஓம் என்பது மின்தடையின் அளவு. அது அதிகம் என்பதாலேயே ஆம்ப் கட்டாயம் ஆகிவிடாது. ஒரு வோல்ட் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்று பார். எச்டி 600 ஒரு வோல்ட்டுக்கு 97 டெசிபல் தரும். டிடி 770 ப்ரோவுக்கு ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் என்று போட்டிருப்பார்கள். 80 ஓமில் ஒரு வோல்ட் என்றால் 12.5 மில்லிவாட். கணக்குப் போட்டால் 107 டெசிபல் வருகிறது. ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கும் நல்ல டைப்-சி டோங்கிளே (லேப்டாப்பிலோ போனிலோ சொருகி ஹெட்போன் மாட்டும் சிறு துண்டு) ஏறக்குறைய ஒரு வோல்ட் தரும். நடு இரவில் அமைதியாகக் கேட்பவருக்குச் சராசரி 70, 75 டெசிபல் தாராளம். தவில் அடி அதற்கு மேல் 15, 20 டெசிபல் தாவும். 75-உம் 20-உம் 95. ஆக, எச்டி 600 கூட டோங்கிளில் பாடும், விளிம்பில் நின்று பாடும். டிடி 770-க்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது. ஆம்ப்புக்கு இப்போது காசு போடாதே.

நீ கேட்காத ஒன்று. கேசட்டிலிருந்து ஏற்றியது பெரும்பாலும் சன்னமாகப் பதிவாகியிருக்கும். வால்யூமை முழுசாகத் திருகியும் போதவில்லை என்றால், ஹெட்போனுக்குச் சக்தி போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆம்ப்பும் வாங்கிவிடுவார்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்தப் பதிவைத் திறந்து, நார்மலைஸ் என்பதை ஒரு தடவை அழுத்திப் பார். உச்சத்துக்குக் கீழே பத்து டெசிபல் சும்மா கிடந்தால் அது அப்படியே மேலே வந்துவிடும். காசே ஆகாது.

லேப்டாப் ஜாக்கைப் பொறுத்தவரை, சார்ஜர் சொருகியிருக்கும்போது 'ங்...' என்று ஒரு ரீங்காரம் வருகிறதா என்று பார். வந்தால் டோங்கிளுக்கு மாறு. அப்புறம், என்றாவது வெளிநாட்டிலிருந்து ஆம்ப் வரவழைத்தால் அடாப்டரைப் பார்க்காமல் சொருகாதே. அமெரிக்காவுக்கென்று செய்தது 120 வோல்ட், நம் சுவரில் வருவது 230, 240. புகைந்துபோன இரண்டு அடாப்டர்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன, ஒன்று ஆம்ப்பையும் சேர்த்தே கொண்டுபோய்விட்டது. 500 வெள்ளிக்கு உட்பட்டதை வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு.

இப்போது ஹெட்போன். எச்டி 600-உம் பிலிப்ஸும் திறந்த வகை. வெளிச் சத்தம் அப்படியே உள்ளே வரும், உன் நாதஸ்வரமும் அப்படியே உன் மனைவியின் காதுக்குப் போகும். தைப்பிங் மழையில் என் திறந்த ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மழையையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ராத்திரிகள் பல. அமைதியான அறை இருந்தால் எச்டி 600-ஐத்தான் சொல்வேன், குரலும் குழலும் அதில் இயல்பாக இருக்கும். உன் வீட்டுக்கு மூடிய வகைதான். டிடி 770 மூடியது. காது மெத்தை வெல்வெட் மாதிரித் துணி. நம் ஈரக் காற்றில் செயற்கைத் தோல் இரண்டு, மூன்று வருஷத்தில் செதில் செதிலாக உரிந்து காதில் ஒட்டும், துணிக்கு அந்தத் தொல்லை இல்லை. மாற்று மெத்தையும் கிடைக்கும். குறையும் சொல்கிறேன்: 3 மீட்டர் ஒயர், கழற்ற முடியாது. நாற்காலிச் சக்கரம் ஏறாமல் பார்த்துக்கொள்.

இன்னொரு குறை உனக்கு முக்கியமானது. அதில் 8, 9 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அதாவது மிக உயர்ந்த ஒலியில், சத்தம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கேசட்டின் 'ஸ்ஸ்' இரைச்சல் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது, நாதஸ்வரத்தின் கூர்மையும் அங்கே வரை எட்டும். லேப்டாப்பில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளைப் போட்டு அந்த இடத்தை மூன்று, நாலு டெசிபல் இறக்கு. காது உறுத்தாது.

ஈப்போ தம்பி சொன்னது பஸ்ஸுக்குச் சரி. ஃபேன் இரைச்சலுக்கும் உதவும். ஆனால் இதே காசில் பத்து வருஷம் உழைக்கிற பொருள் வேண்டும் என்றால் ஒயர்தான். கடைக்குப் போகும்போது உன் கேசட் பதிவையே எடுத்துப் போ, கடைக்காரர் போடும் பாட்டை வைத்து முடிவு செய்யாதே.

பதில் 3: கிள்ளான் தாதி

அண்ணே, நான் ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். ஆலை ஷிஃப்டு முடிந்து வந்து கேட்பேன் என்று எழுதியிருந்தீர்கள், அதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எட்டு மணி நேரம் இரைச்சலில் நின்றுவிட்டு வந்தால் காது கொஞ்ச நேரத்துக்கு மந்தமாகிவிடும். அந்த நேரத்தில் எந்த ஹெட்போன் போட்டாலும் சத்தம் குறைவாகத்தான் தெரியும், கை தானாக வால்யூமைக் கூட்டும். காலையில் அதே அளவில் கேட்டால் திடுக்கிடுவீர்கள். அதனால் லீவு நாளில், காது தெளிவாக இருக்கும்போது, எந்த அளவு வசதியாக இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் அந்தக் குறியைத் தாண்டாதீர்கள்.

நம் நாட்டில் 2019 முதல் உள்ள இரைச்சல் விதிப்படி ஒரு நாள் சராசரி 82 டெசிபலைத் தாண்டினாலே அதிக இரைச்சல், வரம்பு 85. 85-இல் எட்டு மணி நேரம் என்றால் 88-இல் நாலு மணி நேரம்தான். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். உங்கள் நாள் கணக்கை ஆலையே தீர்த்துவிட்டிருக்கலாம், பாட்டுக்கு மிச்சம் கொஞ்சம்தான். மழை வந்தால் அன்றைக்கு வால்யூமைக் கூட்டாமல் அடுத்த நாள் கேளுங்கள். ஆலையில் காதடைப்பானைக் கழற்றாதீர்கள். வருடாந்திரக் காது பரிசோதனைக்குக் கூப்பிட்டால் தட்டிக் கழிக்காதீர்கள்.

மீண்டும் ஆலைக்காரன், சுங்கை சிப்புட்

எல்லோருக்கும் நன்றி. சகோதரி, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. சனிக்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். முந்தின இரவு விட்டிருந்த வால்யூம் அப்படியே இருந்தது, முதல் அடியிலேயே இயர்போனைப் பிடுங்கிவிட்டேன். இப்போது திரையோரத்தில் 34 என்று ஒட்டி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் போவதில்லை.

ஐயா, நார்மலைஸ் செய்து பார்த்தேன். பல பதிவுகள் 12 டெசிபல் கீழே கிடந்தன. ஆம்ப் எண்ணத்தை அன்றைக்கே விட்டுவிட்டேன். நேற்று ஈப்போவுக்குப் போய் மூன்று ஹெட்போனிலும் என் பதிவையே போட்டுக் கேட்டேன். எச்டி 600-இல் நாதஸ்வரம் அழகாக இருந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் கடையின் ஏர்கான் சத்தம் அதற்குள் அப்படியே கேட்டது. டிடி 770 வாங்கிவிட்டேன், டோங்கிளோடு சேர்த்து 690 வெள்ளி ஆனது.

இரவு போட்டேன். தவில் இப்போது ஒரு மேளமாகக் கேட்கிறது. வலது பக்கம் விரல் கூடு படும் 'டக்'கென்ற கட்டைச் சத்தமும், இடது பக்கம் குச்சி விழும் கனமும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஊர்வலம் கப்பிச் சாலையில் ஏறும் இடத்தில் செருப்புச் சத்தம்கூட மாறுகிறது. காலையில் அப்பாவுக்குப் போட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், "இது பெரட்டுக் களத்தைத் தாண்டி வரும் இடம்" என்றார். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடம் அது.

ஆனால் ஒன்று, ஐயா. நாதஸ்வரம் இன்னும் போர்வைக்குள்தான் இருக்கிறது. எல்லாக் கேசட்டிலும் இல்லை, ஏழில். நாலு தெளிவாக இருக்கின்றன. ஹெட்போன் ஒன்றேதானே, ஏன் இப்படி? மிச்சம் 110 வெள்ளி இருக்கிறது. ஒரு துண்டுப் பதிவை இணைத்திருக்கிறேன்.

பதில்: பழைய ரேடியோ, தைப்பிங்

கேட்டேன் தம்பி. ஹெட்போன் தன் வேலையைச் செய்துவிட்டது, குறை கேசட்டை ஓட்டிய இடத்தில் இருக்கிறது. அப்பா ரேடியோவின் ஹெட் (நாடாவில் ஒலியைப் பதியும், படிக்கும் பகுதி) நாடாவுக்குக் கொஞ்சம் சாய்வாக நின்று பதிவு செய்திருக்கிறது. நண்பரின் டெக் ஹெட் நேராக நிற்கிறது. சாய்வு பொருந்தாவிட்டால் முதலில் மடிவது உயர்ந்த ஒலிதான், தவில் தப்பித்துக்கொள்ளும். தெளிவாக இருக்கும் நாலும் வேறு ரேடியோவில் பதிந்தவையாக இருக்கலாம், இல்லை அந்த ஹெட் நகர்வதற்கு முன்னால் பதிந்தவையாக இருக்கலாம். அப்பாவைக் கேட்டுப் பார்.

நீ செய்ய வேண்டியது இது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு புட்டியும் பஞ்சுக் குச்சியும் வாங்கி ஹெட்டைத் துடை, பழுப்பு நிறம் வராத வரை துடை. பிறகு ஹெட்டின் ஓரத்தில் ஸ்பிரிங் வைத்த சிறு திருகு ஒன்று இருக்கும். இப்போது அது நிற்கும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுக்கொள், திரும்பப் பழைய இடத்தில் வைக்க வேண்டும், டெக் உன்னுடையது இல்லை. இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து மோனோவில் கேட்டுக்கொண்டே அந்தத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பு. நாதஸ்வரம் எங்கே மிகக் கூர்மையாகிறதோ, அங்கே நிறுத்து. காந்தம் ஏறாத ஸ்க்ரூடிரைவர்தான் வேண்டும். அந்த ஏழையும் அப்படியே புதிதாக லேப்டாப்பில் ஏற்று.

திருகைத் தொடப் பயமாக இருந்தால் டெக்கைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்துவிடு. அப்பாவையும் கூட்டி வா. எந்த ரேடியோவில் பதிந்தது என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொள்கிறேன்.