மறு: மேகசின் – இதழ் வேண்டாம்

> மிகைக்கொள்ளளவு வெடிபொருள் இதழறை

அண்ணாச்சி, ஏர்சாஃப்ட் என்கிற போலிச் சண்டை விளையாட்டின் துப்பாக்கியில் மணிகளைப் போட்டுவைக்கும் கூட்டைத்தான் மேகசின் என்கிறார்கள். அதில் நிறையப் பிடிக்கிற 'ஹை-கேப் மேகசின்' என்பதற்கு நீங்கள் போட்ட இந்தச் சொல்லைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏர்சாஃப்டில் வெடிபொருளே கிடையாது. 6 மி.மீ. பிளாஸ்டிக் மணியைக் காற்றோ வாயுவோ தள்ளுகிறது, அவ்வளவுதான். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டக் கடைகளில் மஞ்சள் மணி போட்டுச் சுடுகிற பொம்மைத் துப்பாக்கி வாங்குவோமே, அதற்கு இது பெரியண்ணன்.

அப்புறம் அந்த 'இதழ்'. மேகசின் என்பதற்கு அரபி வேரில் கிடங்கு என்று பொருள். 1731இல் லண்டனில் ஒரு மாதப் பத்திரிகைக்குச் செய்திக் கிடங்கு என்ற நினைப்பில் அந்தப் பெயரை வைத்தார்கள். அதிலிருந்துதான் பத்திரிகைக்கு ஒட்டிக்கொண்டது. துப்பாக்கிக்கு இதழ் என்பது மருமகன் பெயரைச் சொல்லி மாமனாரைக் கூப்பிடுவது மாதிரி.

துப்பாக்கி மேகசினில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் சுருள்வில் மணிகளை வரிசையாக மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். டோக்கியோ மருயி என்ற ஜப்பான் நிறுவனத்தின் வி.எஸ்.ஆர்-10 ஸ்னைப்பர் (மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும்) துப்பாக்கியோடு வருவது இதுதான், 30 மணி பிடிக்கும். தாழை இழுத்து ஒவ்வொன்றாகச் சுடுகிறவருக்கு அது தாராளம். 'ஹை-கேப்' வேறு ரகம். எம்4 என்ற ராணுவத் துப்பாக்கியின் மாதிரிக்கு வருவதில் முந்நூறு மணி வரை அப்படியே கொட்டி மூடிவிடலாம். அடியிலுள்ள பற்சக்கரத்தை விரலால் திருகினால்தான் மணி தடத்தில் ஏறும். நடந்தால் சலசலக்கும். புதருக்குள் பதுங்கிக் கிடக்கிறவனுக்கு இதைவிடக் கேடு உண்டா?

அதனால் எத்தனை பிடிக்கும் என்பதை விட்டுவிட்டு, எப்படி வேலை செய்கிறது என்பதை வைத்துப் பெயரிடுவோம். சுருள்வில் ரகத்துக்குத் தூணி. அம்பறாத்தூணி எல்லோருக்கும் தெரியும். நெல் அளந்த காலத்தில் நாலு மரக்காலும் ஒரு தூணிதான்.

கொட்டுகிற ரகத்துக்குக் குலுக்கை. மானூர்ப் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு மண்குலுக்கை இருந்தது. மேலே கம்புத் தானியத்தைக் கொட்டுவார்கள். அடியில் ஒரு துளை, அதில் பழந்துணி அடைத்திருக்கும். துணியை உருவினால் ஓலைப்பெட்டியில் பொலபொலவென்று விழும். பாதிக்குக் கீழே போனால் தானாக விழாது. கையை விட்டுக் கிண்ட வேண்டும், அதுவும் எட்டாவிட்டால் சின்னப்பயலை உள்ளே இறக்குவார்கள். அந்தச் சின்னப்பயல் நான்தான். தும்மி முடிய அரைநாள் ஆனது. ஹை-கேப்பும் இப்படித்தான், திருகிக்கொடுக்காவிட்டால் வராது. குலுக்கினால் சத்தம் வேறு!

*

> கொட்டுகிற ரகத்துக்குக் குலுக்கை

தம்பி, தூணி சரி, இதழை எடுத்துவிட்டேன். குலுக்கை நம்ம பக்கத்துக்காரனுக்குத்தான் புரியும். மற்றவர்களுக்குப் பரிசுச்சீட்டுக் குலுக்கல்தான் ஞாபகம் வரும். குதிர் என்று போட்டால் என்ன? குதிர் என்ற தானியக் கூட்டைக் கண்ணால் பார்க்காதவனுக்கும் 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' தெரியும். ஒளிந்திருப்பவனைக் காட்டிக்கொடுக்கிற விஷயமும் அதிலேயே வந்துவிடுகிறதே.

*

அண்ணாச்சி, தோற்றேன். இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். குதிரே இருக்கட்டும், குலுக்கையை நெல்லை வழக்கு என்று பக்கத்தில் போட்டுவிடுங்கள், ஆச்சிக்காக.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஸ்னைப்பர் துப்பாக்கிக்குக் கூடுதல் கொள்ளளவு என்று விற்பதெல்லாம் குதிர் இல்லை. சிலதில் அதே சுருள்வில்தான், தடம் மட்டும் நீளம். சலசலப்பும் இராது, திருகவும் வேண்டாம். அதை நெடுந்தூணி என்று தனி வரியில் எழுதுங்கள்.