ஸ்கிரீனர், அல்கோ, எக்செல் வைத்து ஷேர் வாங்குபவர்கள்: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மாம்பலம்வாசி:

ஸ்கிரீனர்ல (நிபந்தனை போட்டு பங்கை வடிகட்டுற சாஃப்ட்வேர்) என் ஃபில்டர் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பி.இ. (பங்கு விலை, ஒரு பங்கோட வருஷ லாபத்துக்கு எத்தனை மடங்குன்னு) 15-க்குக் கீழ, கடன்-மூலதன விகிதம் 0.3-க்குக் கீழ, ஆர்.ஓ.சி.இ. (போட்ட மூலதனத்துக்கு வர்ற லாப சதவீதம்) 20-க்கு மேல. சனிக்கிழமை ராத்திரி ஓட்டினா ஒரு சின்ன கம்பெனி பட்டியல்ல முதலா வந்து நிக்குது. பி.இ. வெறும் 6. அதே தொழில்ல மத்த கம்பெனிங்க 20, 25-ல ஓடுது. திங்கட்கிழமை மார்க்கெட் திறந்ததும் வாங்கிடலாம்னு இருந்தேன்.

சித்தப்பா வந்திருந்தார். கணக்குப் பிரிவுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். லேப்டாப் பக்கம் திரும்பவே இல்லை. "ஆண்டறிக்கை எங்கடா?"ன்னார். லாப நட்டப் பக்கத்தை பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். பென்சில் மேலேருந்து மெதுவா இறங்கி வந்து ஒரு வரியில நின்னுது. "இதர வருமானம்". சுத்தி ஒரு வட்டம். அந்த வருஷ லாபத்துல பாதிக்கு மேல அந்த ஒரு வரிதான். குறிப்புகளைப் புரட்டினா, பழைய ஃபேக்டரி நிலத்தை வித்திருக்காங்க. "நிலத்தை ஒரு தடவைதான்டா விக்க முடியும்"னு சொல்லிட்டு காபி குடிக்கப் போயிட்டார்.

அந்த பென்சில் வட்டம் இன்னும் கண்ணுல நிக்குது. சாஃப்ட்வேர் சொன்ன 6 பொய் இல்லை, கணக்குப்படி சரி. ஆனா அடுத்த வருஷம் அந்த லாபம் வராதுன்னு அதுக்குத் தெரியாது. இப்போ ஒரு நிபந்தனை சேர்த்திருக்கேன்: செயல்பாட்டுப் பணவரவு நிகர லாபத்தைவிடக் கூட இருக்கணும். நிலம் வித்த காசு பணவோட்ட அறிக்கையில முதலீட்டுப் பிரிவுக்குப் போயிடும், அதனால இந்த மாதிரி கம்பெனி இங்கேயே வடிகட்டிப் போகுது.

பள்ளிக்கரணை பைதான்:

என்னோடது மிக்ஜாம் புயல் அன்னைக்கு. 2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. முந்தின நாள்தான் நாலு மாநிலத் தேர்தல் ரிசல்ட் வந்து மார்க்கெட் ஏறும்னு எல்லாரும் பேசிட்டிருந்தாங்க. எனக்கு நிஃப்டி குறியீட்டுல ஷார்ட் இருந்தது, அதாவது இறங்கினாத்தான் லாபம். நஷ்டம் அளவு மீறினா தானா வெளியேறுற ஸ்டாப்லாஸ் என் ஸ்கிரிப்ட்ல. ஸ்கிரிப்ட் என் லேப்டாப்ல. தெருவுல இடுப்பளவு தண்ணி, கரண்ட் இல்லை, இன்வெர்ட்டரும் செத்துப்போச்சு.

மொட்டை மாடிக்கு ஏறி, மழையில போனைத் தூக்கிப் பிடிச்சா ஒரு கோடு சிக்னல். அதுல விலை மட்டும் வந்தது, நிஃப்டி 20,600-ஐத் தாண்டிடுச்சு. உள்ள போய் முடிச்சுடலாம்னா லாகின் கேக்குது. ஸ்கிரிப்ட் புரோக்கரோட பேசறதுக்கான ஏ.பி.ஐ. டோக்கன் தினமும் காலையில காலாவதி ஆகும், புதுசா லாகின் பண்ணணும். லாகினுக்கு ஓ.டி.பி. வேணும். அந்த ஓ.டி.பி. வரவே இல்லை. பக்கத்து மாடியில ஒரு அக்கா பால் பாக்கெட் கிடைக்குமான்னு கத்திக் கேக்கறாங்க, நான் ஆறு இலக்கத்துக்காக நிக்கறேன். அன்னைக்கு நிஃப்டி 2 சதவீதம் ஏறி முடிஞ்சது. மறுநாளும் ஏறுச்சு.

ஸ்கிரிப்ட்ல ஒரு தப்பும் கிடையாது, இன்னைக்கு எடுத்துப் பார்த்தாலும் சரியாத்தான் ஓடுது. அதுதான் உறுத்துது. இப்போ வெளியேறுற ஆர்டர் எதுவும் என் மிஷின்ல இல்லை. ஜி.டி.டி. (சொன்ன விலை வந்தா தானா போற ஆர்டர்) போட்டு புரோக்கர் சர்வர்ல வச்சுடறேன். சாதா ஸ்டாப்லாஸ் ஆர்டர் அன்னைக்கு சாயங்காலமே காலாவதி ஆயிடும், ஜி.டி.டி. நிக்கும்.

அம்பத்தூர் ஆடிட்:

மாம்பலம்வாசி அவர்களுக்கு. உங்கள் சித்தப்பா செய்தது முழுக்கச் சரி. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்த நிபந்தனையை ஏற்க முடியாது.

என் அனுபவம் சிறியது. தணிக்கை அலுவலகத்தில் என்னுடன் வேலை பார்க்கும் பையன் இதே பணவரவு ஃபில்டரைப் போட்டுவிட்டு, "சார், சோழமண்டலம், சுந்தரம் ஃபைனான்ஸ், ஸ்ரீராம் ஃபைனான்ஸ், நம்ம ஊர்க் கம்பெனி ஒண்ணுகூட தேறலை சார்" என்று கவலையோடு வந்து நின்றான். அவன் முகம் மறக்கவில்லை. பல தலைமுறையாகச் சென்னையில் லாரிக்கும் டிராக்டருக்கும் கடன் கொடுத்து வளர்ந்த துறை அது.

காரணம் எளிது. கடன் கொடுப்பதுதான் அவர்களுடைய செயல்பாடு. புதிதாகக் கொடுக்கும் ஒவ்வொரு கடனும் செயல்பாட்டுப் பணவோட்டத்தில் வெளியே போன காசாகப் பதிவாகும். தொழில் வேகமாக வளர்ந்தால் அந்த எண் மைனஸில்தான் இருக்கும். கடன்-மூலதனம் 0.3 என்ற நிபந்தனையும் அப்படித்தான், கடன்தான் அவர்களுடைய சரக்கு. ஆகவே வங்கி, என்.பி.எஃப்.சி. (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) இரண்டையும் முதலில் தனிப் பட்டியலாகப் பிரித்துவிடுங்கள். அங்கே பார்க்க வேண்டியது வாராக்கடன் விகிதம், மூலதனப் போதுமை (நஷ்டத்தைத் தாங்கும் அளவுக்கு மூலதனம் உண்டா என்பது), நிகர வட்டி மார்ஜின் (வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளி).

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பியோத்ரோஸ்கி மதிப்பெண்ணை (கம்பெனியின் நிதி நிலைக்கு 9-க்குப் போடும் மார்க்) ரெடிமேடாகப் போட்டு 8, 9 வாங்கிய பங்குகளை அள்ளுகிறவர்கள் நிறைய. ஜோசப் பியோத்ரோஸ்கி 2000-இல் அந்த ஒன்பது சோதனைகளை வைத்தது புத்தக மதிப்போடு ஒப்பிட்டால் மலிவாகக் கிடக்கும் பங்குகளுக்குள் நல்லதைப் பிரிக்க. முதலில் மலிவு, பிறகு மதிப்பெண். 60 பி.இ.யில் ஓடும் பங்குக்கு 9 வந்தால், அவர் சோதித்துப் பார்த்தது அந்த மாதிரிப் பங்கை அல்ல. மேலும், ஆண்டு முடிவுகளை வெளியிட நிறுவனங்களுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. மார்ச் கணக்கு மே 30 வரைகூட வராமல் இருக்கலாம். ஏப்ரல் 1-ஆம் தேதியே அந்த எண் கையில் இருந்ததுபோல் பேக்டெஸ்ட் (பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் சோதனை) செய்து 30 சதவீத லாபம் என்று காட்டினால், அந்த லாபத்தை யாரும் ஈட்டியிருக்க முடியாது. தேதியைத் தள்ளி வைத்துச் சோதியுங்கள்.

செகண்ட் லைன் பீச்:

மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் இருந்த தெருவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். 1937-இல் தொடங்கியது, 2015-இல் மூடிவிட்டார்கள். அந்தக் காலத்தில் காலைப் பேப்பரில் வரும் விலையை கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்போம். போனஸ் (ஒரு பங்குக்கு ஒன்று இலவசம்) வந்தால் பழைய புள்ளிகளையெல்லாம் அழித்துப் பாதியாக்கி மறுபடி வரைய வேண்டும், ரப்பர் தேய்ந்து தாள் கிழிந்துவிடும்.

2024 தீபாவளி வாரம். என் மகள் என்.எஸ்.இ. தினமும் வெளியிடும் பவ்காப்பி (அன்றைய விலைப் பட்டியல்) கோப்பை இறக்கி, தானே எழுதிய புரோகிராமில் "இன்று அதிகம் விழுந்தவை" என்று பட்டியல் எடுப்பாள். அக்டோபர் 28, திங்கள் மாலை, அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்கும்படி, "அப்பா! ரிலையன்ஸ் பாதியா விழுந்துடுச்சு!" என்று அலறினாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக் கோப்பில் 2,650 ரூபாய்ப் பக்கம், அன்றைய கோப்பில் 1,330 பக்கம். சிவப்பில் மைனஸ் ஐம்பது. ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதற்காக விலை பாதியாகும் எக்ஸ் தேதி அன்றுதான். என் வாயிலிருந்து "ரப்பரை எடும்மா" என்றுதான் வந்தது, அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்று இரவே போனஸ், ஸ்பிளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) தேதிகளுக்கென்று தனி அட்டவணை போட்டு, பழைய விலைகளைத் திருத்தும் பகுதியைச் சேர்த்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து ஐ.டி.சி. ஹோட்டல் பிரிவைப் பிரித்தபோது அதுவும் போதவில்லை. இப்படிப் பிரிக்கும் டீமெர்ஜரில் விலை எந்த விகிதத்தில் குறையும் என்று முன்கூட்டித் தெரியாது, சந்தை விலை வைத்த பிறகுதான் தெரியும். அதை இன்னும் கையால்தான் திருத்துகிறாள்.

ஓ.எம்.ஆர். டேட்டா:

பள்ளிக்கரணை நண்பரே, லேப்டாப் போனதைவிட மோசமானது ஒன்று உண்டு, அது பிரமாதமாக ஓடுவதாகக் காட்டப்படும் சாஃப்ட்வேர். தி.நகரில் ஒரு ஹோட்டல் ஹாலில் அல்கோ (தானாகவே வாங்கி விற்கும் புரோகிராம்) விற்கும் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பத்து வருட பேக்டெஸ்ட், கோடு மேலே மேலே போகிறது. கை தூக்கி ஒரே கேள்வி கேட்டேன்: "இந்த டேட்டாவில் டி.எச்.எஃப்.எல். இருக்கா? ஜெட் ஏர்வேஸ் இருக்கா?" ஒன்று வீட்டுக் கடன் கம்பெனி, இன்னொன்று விமானக் கம்பெனி, இரண்டுமே திவாலானவை. மைக் பிடித்திருந்தவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். ஹாலில் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் பணம் கட்டக் கார்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

இன்றைய நிஃப்டி 500 பட்டியலை எடுத்துப் பத்து வருடம் பின்னால் ஓட்டினால், பிழைத்தவை மட்டுமே அதில் இருக்கும். டி.எச்.எஃப்.எல். 2021-இல் கைமாறியபோது பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தப் பங்கு இல்லாத பேக்டெஸ்டில் அந்த நஷ்டமும் இருக்காது. சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகத்தில் 93 சதவீதத் தனிநபர்களுக்கு நஷ்டம். அதே அறிக்கையில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஈட்டிய லாபத்தில் 97 சதவீதம் அல்கோ மூலம் வந்தது என்றும் இருக்கிறது. கூட்டத்தில் அந்த இரண்டாவது எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போட்டார்கள். கோபம் இன்னும் அடங்கவில்லை.

மாம்பலம்வாசி:

ஆடிட் சார், நன்றி. ஃபைனான்ஸ் கம்பெனிகளைத் தனியாப் பிரிச்சுட்டேன். ஆனா உற்பத்திக் கம்பெனிக்கு அந்த நிபந்தனையை விட மாட்டேன் சார்.

சைதாப்பேட்டை சுமதியக்கா:

ஜி.டி.டி. நிக்கும்னு தம்பி சொன்னதுல பாதிதான் சரி. 2024 ஜூன் 3-ந்தேதி எக்ஸிட் போலைப் பார்த்து நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல ஏறுச்சு. மறுநாள் வாக்கு எண்ணிக்கை, கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. எங்கிட்ட ஒரு அரசு வங்கிப் பங்கு, ஜி.டி.டி. போட்டு வச்சது. மின்சார ரயில் கிண்டியைத் தாண்டுது, போன்ல "ட்ரிகர் ஆனது"ன்னு மெசேஜ். அப்பாடான்னு ஆர்டர் புக்கைத் திறந்தா "ஓபன்"னு இருக்கு. ட்ரிகர் ஆனதும் போறது லிமிட் ஆர்டர், அதாவது நான் சொன்ன விலைக்குக் கீழ விக்காது. என் லிமிட்டைத் தாண்டி விலை கீழே போயாச்சு. வாங்க ஆளில்லாம என் ஆர்டர் மேலே தொங்குது. சைதாப்பேட்டை வர்ற வரைக்கும் அந்த "ஓபன்"கிற எழுத்தையே பார்த்துட்டிருந்தேன்.

அதுக்கப்புறம் ட்ரிகருக்கும் லிமிட்டுக்கும் நடுவுல இடைவெளியைக் கூட்டிட்டேன். இன்னொன்னும் பாருங்க, டி.டி.பி.ஐ. (வித்த பங்கை புரோக்கரே டிமேட்லேருந்து எடுத்துக்க அனுமதி) கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதவங்களுக்கு டிமேட்ல இருக்கிற பங்கை விக்க டி-பின் (ரகசிய எண்) போட்டு அனுமதி தரணும். அது இல்லாட்டி ஜி.டி.டி. சுட்டாலும் ஆர்டர் ரிஜெக்ட் ஆயிடும்.

பள்ளிக்கரணை தம்பி, நீங்க எவ்வளவு இடைவெளி விடறீங்க? நிஃப்டிக்கும் வால்யூம் கம்மியா இருக்கிற சின்னப் பங்குக்கும் ஒரே அளவா?